மறுக்கா அண்ணாச்சியின் ராகு காலம்

ராகு காலத்துக்குப் பயந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. ராகு காலத்தில் துளிகூட நம்பிக்கை இல்லாமல், அதற்காக முப்பது வருடம் நிம்மதி கெட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மறுக்கா அண்ணாச்சிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. அவர் வீட்டில் நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் திங்கட்கிழமைத் தாளில் ஏழரை முதல் ஒன்பது என்றுதான் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்காமல் அவரால் மூச்சு விடமுடியாது.

காரணம் அவர் பார்த்த வேலை. சிவகாசியில் நான் டிடிபி ஆபரேட்டராக இருக்கும் அச்சகத்தில் அவர் புரூஃப் பார்ப்பவர். தினசரி காலண்டர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. நான் கம்ப்யூட்டரில் அடிப்பதை அவர் சிவப்புப் பேனாவோடு படித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். ஒரு தாளில் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், போதாததற்கு மூலையில் ஒரு சமையல் குறிப்பு. இப்படி முந்நூற்று அறுபத்தைந்து தாள்.

எங்கள் வட்டாரத்தை நீங்கள் வந்து பார்க்கவேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு மருந்தைக் கையால் அள்ளித் திணிக்கிறவர்கள், வேலை முடிந்து வேனில் ஏறியதும் டிவி சீரியல் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெறும் காகிதத்தோடு குடித்தனம் நடத்திய அண்ணாச்சிதான் இந்தப் பக்கத்திலேயே அதிகம் பயந்த மனிதர்.

ஒரு தாளைப் படித்து முடித்ததும், “மறுக்கா ஒருதரம் பாத்துருவோம் தாயி” என்பார். மறுக்கா என்றால் எங்கள் பக்கம் இன்னொரு தடவை என்று அர்த்தம். அந்த இன்னொரு தடவை பதினைந்து தடவைக்குக் குறையாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை.

ராகு காலம் கிழமைக்கு இன்ன நேரம் என்று எப்போதோ முடிவாகிப்போன சமாச்சாரம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“அண்ணாச்சி, செவ்வாக்கெழமைக்கு மூணு டு நாலரை. எங்க தாத்தா காலத்துலயும் அதான். நாளைக்கு மாறிருமா?”

“மாறாது தாயி. நான் மாத்திருந்தேன்னா?”

“நீங்க எதுக்கு மாத்தப் போறீக?”

“மாத்த மாட்டேன். பேனா பட்டு, நீ அதப் பாத்து அடிச்சு, தப்பாயிருந்தா? அத நம்பி ஒருத்தன் பொண்ணு பாக்கக் கெளம்பி, போற வழியில பஸ்ஸு கவுந்துட்டா?”

“ஒங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே கெடையாதே.”

“எனக்கு இல்ல. வாங்குறவனுக்கு இருக்குல்ல.”

நான் புதன்கிழமைத் தாளை அடிக்க ஆரம்பித்தேன்.

அச்சகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடை, ரேஷன் கடை, பேங்க், எங்கே காலண்டர் தொங்கினாலும் அண்ணாச்சி அதை நெருங்கி, நாளைய தாளைத் தூக்குவார், நாளை மறுநாளைத் தூக்குவார், அப்படியே ஐப்பசிக்குப் போய்விடுவார். சைக்கிள் காணாமல் போனதற்குப் புகார் கொடுக்கப் போனவர், போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் தலைக்குமேல் தொங்கிய காலண்டரைப் புரட்ட ஆரம்பித்தார். ரைட்டர் என்ன வண்டி, என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சைக்கிள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அச்சங்குளத்தில் எங்கள் பைண்டிங் செக்‌ஷன் அக்கா ஒருவருடைய மாமனார் இறந்தபோது எல்லோரும் வேனில் போயிருந்தோம். பெரியவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரில் எங்கள் அச்சகக் காலண்டர். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அண்ணாச்சி மாலையைப் போட்டுவிட்டு அப்படியே ஓரமாக நகர்ந்து சுவரோடு ஒட்டிவிட்டார். ஒரு தாள், இரண்டு தாள், பத்துத் தாள். ஒப்பாரி வைத்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உறவுக்காரர் ஒருவர் பயபக்தியோடு அருகில் வந்தார்.

“எத்தன மணிக்கு எடுத்தாத் தோதா இருக்கும்? நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க.”

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். “மறுக்கா பாத்துச் சொல்லுதேன்.”

அரைமணி நேரம் பார்த்தார். இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்றால் செத்த நேரத்தில் ஏதோ பெரிய குற்றம் இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டி, ஜோசியரைக் கூட்டிவரச் சாத்தூருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அண்ணாச்சியைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

லோடு போன காலண்டரையும் அவர் விட்டதில்லை. ஒருமுறை விருதுநகர் பார்சல் குடோனிலிருந்து எங்கள் ஆபீசுக்கு போன் வந்தது. “ஒங்க ஆளு ஒருத்தரு லாரியில கட்டு மேல ஏறி உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்காரு. எறங்கச் சொன்னா பிப்ரவரி முடியட்டுங்கிறாரு. நாங்க லாரியை எடுக்கவா, வேண்டாமா?”

நாங்கள் சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு சாயங்காலம் கரண்ட் போய் மெஷின் சத்தமெல்லாம் அடங்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இருட்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“கிறுக்குத்தனம்னு எனக்குத் தெரியுது தாயி. தெரியாம இல்ல. மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, பாத்தியா, பாத்தியாங்கான். சோத்துல கை வைக்கும்போது கேக்கான். பாட்டுப் பாடும்போது கேக்கான். அவன் வாய அடைக்கத்தான் நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

அதற்குப் பிறகு மறுக்கா என்று கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. அவரே அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார் என்பதால் தொடர்ந்தேன்.

அந்த வருட ஆடியில் விவகாரம் முற்றியது. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டருக்குப் பூஜை போட்டு, மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். எங்கள் ஆல்பம் மட்டும் வரவில்லை. அண்ணாச்சி மேஜையில் சித்திரை மாதத்துக்குப் பதினெட்டாவது வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. ஏஜெண்டுகள் பூஜைப் பொங்கலை மட்டும் வாங்கித் தின்றுவிட்டு அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி கெட்டவரில்லை. அண்ணாச்சியை உட்காரவைத்துத்தான் பேசினார். “ஒங்கள அனுப்ப எனக்கு மனசு வரல. அடுத்த ஆடிக்கு ஆல்பம் வரணும். வரலைன்னா புரூஃபுக்கு வேற ஆளப் போட்டுட்டு ஒங்கள கேட்டுல வாட்ச்மேனா உக்கார வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல.” சொன்னதோடு, கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வாங்கிப் போட்டுவிட்டார். முப்பது வருடம் பிடித்த பேனாவைப் பறித்தால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அண்ணாச்சி தானாகவே திருந்தப் பார்த்தார். ஒரு வாரம் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். என்னுடைய கண்ணாடியைக் கடன் கேட்டார்.

கடைசியில் களத்தில் இறங்கியது அவர் மனைவி. மதினி ஆலங்குளம் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் போட்டு, அழுகைக்கு இரங்காத கை. “விருதுநகர்ல மனநல டாக்டரம்மா ஒருத்தரு இருக்காக. நாளைக்குப் போறோம்” என்றார்.

“எனக்கென்ன பைத்தியமா?”

“பைத்தியம்னு யாரு சொன்னா? காச்சல் வந்தா டாக்டர்ட்ட போறீகள்ல?”

“பாஸ்டர் ஜெபம் பண்ணுதேன்னு சொல்லிருக்காரு.”

“ஜெபமும் பண்ணுவோம். மாத்திரையும் போடுவோம். ரெண்டும் சண்ட போட்டுக்கிடாது.”

அன்று ராத்திரியே மதினி என் செல்லுக்கும் கூப்பிட்டார். அண்ணாச்சி தினமும் யாரிடம் அதிகம் சந்தேகம் கேட்பாரோ அந்த ஆளையும் அழைத்துவரும்படி டாக்டர் போனிலேயே சொன்னாராம். அந்தப் பெருமை என்னைத் தவிர யாருக்குச் சேரும்? மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா சின்ன வயது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர். அண்ணாச்சி பேச்சைக் கேட்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அதைப் புரட்டாம இருந்தா என்ன செய்யுது?”

“நெஞ்சு படபடன்னு வருது. ஏதோ கொல பண்ணிட்டுத் தப்பிச்சு வந்த மாதிரி இருக்கு.”

“புரட்டிப் பார்த்ததும்?”

“அடங்கிரும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

அண்ணாச்சி நேர்மையானவர். யோசித்தார். “ஒரு பத்து நிமிஷம்.”

“அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் முப்பது வருஷம் பார்த்திருக்கீங்க” என்றார் டாக்டர். இதற்கு எண்ணச் சுழற்சி நோய், இங்கிலீஷில் ஓ.சி.டி. என்று பெயர் சொன்னார். சந்தேகம் வருவது நோய் இல்லையாம், அது எல்லார் மண்டைக்குள்ளும் வந்து போகுமாம். வந்த சந்தேகத்தை அடித்து விரட்டுவதற்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோமே, கேட்கிறோமே, அதுதான் நோய்க்குச் சாப்பாடாம். பார்க்காமல் இருந்தால் படபடப்பு ஏறும், பயங்கரமாக ஏறும், ஆனால் ஏறினது தானாகவே இறங்கும். அது இறங்குவதை அண்ணாச்சி இதுவரை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “உங்ககிட்ட ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பார்?”

“நாப்பது, அம்பது இருக்கும் டாக்டர்.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“சரியாத்தான் இருக்குன்னு சொல்லுவேன். பாவமா இருக்கும்.”

“இனிமே சொல்லாதீங்க.”

ஐந்து வருடமாக நான் பாசமாகச் சொன்ன ஒவ்வொரு ‘சரியா இருக்கு’ம் அந்த நோய்க்கு நான் ஊட்டிவிட்ட கவளம் என்று அன்றுதான் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்கள். அதோடு வாரா வாரம் வீட்டுப்பாடம். புரூஃப் இரண்டு முறை படிப்பது வேலை, மூன்றாவது முறை படிப்பது நோய் என்று கோடு போட்டாயிற்று. டீக்கடைக் காலண்டரைத் தொடக்கூடாது. யாரிடமும் சரியா என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் நாங்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லவேண்டும்: “தெரியாது அண்ணாச்சி. தப்பா இருந்தாலும் இருக்கும்.”

நாற்பது பேர் வேலை பார்க்கும் அச்சகத்தில் இதை நடைமுறைப்படுத்துவது லேசில்லை. கட்டிங் மெஷின் முருகேசன் இளகின மனசுக்காரன். வாயால் “தெரியாது அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மதினிக்குச் சேதி போய், அவர் யூனிஃபார்மோடு வந்து முருகேசனைப் பார்த்த பார்வையில், அவன் அடுத்த ஒரு வாரம் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தான்.

எல்லாவற்றையும்விட மோசமான வீட்டுப்பாடம் ஒன்று இருந்தது. எதற்குப் பயப்படுகிறாரோ அதை எழுதிவைத்து, தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுப் படிக்கவேண்டும். அண்ணாச்சிக்கு எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. பாடகர் குழுக் குரலில் அச்சகம் முழுக்கக் கேட்கும்படி படித்தார். “நான் விட்ட தப்பால ஒரு கல்யாணம் நின்னு போகலாம். அந்தக் குடும்பம் அழியலாம். அது எனக்குத் தெரியாமலே போகலாம்.” கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போய்விட்டது. முதலாளி மறுநாள் முதல் அவரைப் பேப்பர் குடோனுக்குள் போய்ப் படிக்கச் சொன்னார்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த வாரங்களில் அண்ணாச்சியைப் பார்க்கச் சகிக்காது. இரண்டாவது வாசிப்பு முடிந்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். சட்டை நனைந்துவிடும். எதிரில் நானும் உட்கார்ந்திருப்பேன். “சரியாத்தான் இருக்கு” என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிட்டு வேறு கேட்பேன்.

“எறங்குதா அண்ணாச்சி?”

“ஏறுது தாயி. ஏறட்டும். அவனா நானான்னு பாத்துருதேன்.”

ஆனி மாதம் ஒருநாள் குடோனுக்குள் பழைய கட்டைப் பிரித்துவைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன். அவர் ஒளிக்கவில்லை. அந்த வாரம் டாக்டரிடம் தானாகவே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் வழுக்கும், நாளையிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள் என்றாராம் டாக்டர். அண்ணாச்சி நாளைவரை காத்திருக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடைக் காலண்டருக்கு நேர் எதிரில் நின்று, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு டீயை ஆறவைத்துக் குடித்தார்.

ஆடி வந்தது. கடைசித் தாளை இரண்டாம் முறை படித்துக் கையெழுத்துப் போட்டு, மெஷினுக்குக் கொண்டுபோகச் சொல்லி முருகேசனிடம் நீட்டினார். நீட்டினாரே தவிர விரல் விடவில்லை. முருகேசன் அந்தப் பக்கம் இழுக்க, இவர் இந்தப் பக்கம் பிடிக்க, நாற்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டார். பதினெட்டாம் பெருக்கன்று பூஜையில் எங்கள் ஆல்பம் இருந்தது. கேட்டில் கிடந்த நாற்காலியை முதலாளி தன் கையால் தூக்கிக்கொண்டுபோய் பைண்டிங் அக்காக்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். புரட்டாசியில், பாதி ஆர்டர் லோடு போய்ச் சேர்ந்த பிறகு, எதற்கோ ஃபைலைத் திறந்தவள் கண்ணில் அது பட்டது. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஒன்றரை முதல் மூன்று என்று இருக்கவேண்டிய ராகு காலம், பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று இருந்தது. முந்தின நாள் புதன்கிழமைத் தாளை காப்பி செய்து போட்டுவிட்டு மாற்ற மறந்திருக்கிறேன். அடித்தது நான். இரண்டு முறை படித்தும் விட்டது அவர். முப்பது வருடமாக அவர் எதற்குப் பயந்தாரோ, அது அவர் குணமாக ஆரம்பித்த வருடம் பார்த்து வந்து நின்றது.

மூன்று நாள் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி லாரிமேல் ஏறிவிடுவார், இந்தத் தடவை யாரும் இறக்கமுடியாது என்று தோன்றியது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வியாழக்கிழமை யார் யாருக்கு என்னவெல்லாம் ஆகும் என்று நானே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். நாலாம் நாள் தாளை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணாச்சி பார்த்தார். இரண்டு கையும் தொடைக்கு அடியில் போனது.

“எத்தன நாளாத் தெரியும்?”

“மூணு நாளா.”

“சாப்ட்டியா?”

நான் தலையாட்டிய விதத்திலேயே, சாப்பிடவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். “அண்ணாச்சி, யாருக்கும் ஒண்ணும் ஆயிராதுல்ல?”

“தெரியாது தாயி” என்றார். “ஆனாலும் ஆகும்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை வடிந்து தாளில் சொட்டியது. நடுவில் ஒருமுறை, “மூணாவது வாட்டி படிச்சிருந்தா மாட்டிருக்கும்ங்கான், மண்டைக்குள்ள இருக்கவன்” என்றார். சற்றுக் கழித்து, “சொல்லிட்டுப் போறான்” என்றார். முக்கால்மணி நேரம் ஆகியிருக்கும். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“எந்திரி தாயி. மொதலாளிகிட்டச் சொல்லிருவோம். இனிமே ஓடுறதுலயாவது மாத்திக்கிடலாம்.”

போனோம். முதலாளி தாளைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். திட்ட வாயைத் திறந்தவர், அவர் நின்ற நிலையைப் பார்த்து மூடிக்கொண்டார். போனது போகட்டும், மிச்சத்தில் தாளை மாற்றுங்கள் என்றார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி எந்த லாரிமேலும் ஏறவில்லை. வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

இந்த வருடம் மே மாதம் அந்த வியாழக்கிழமை வந்தது. எங்கள் அச்சகச் சுவரிலேயே திருத்தாத காலண்டர் ஒன்று தொங்குகிறது. காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணாச்சி அதற்குக் கீழேயே நின்று பேப்பர் ஏஜெண்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்தது. “சரிய்யா, ஒன்னோட பேசிப் பேசி வயித்தப் பசிக்குது” என்று சொல்லிவிட்டு மதினி கொடுத்துவிட்ட தூக்குவாளியைத் திறந்தார். இன்று என்ன நாள் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. நான் சொல்லவில்லை. மீன் குழம்பு வாசம் வந்தது, மனிதர் நிதானமாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.